அப்பா தலையில் போட்ட பழி

மார்ச் 4
கண்ணாடிக் கடையில் இன்று நல்ல கூட்டம். ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதோரம் இறுக்குகிறதா என்று குனிந்து பார்த்தேன்.
"எல்லாம் பளிச்சுனு தெரியுதும்மா" என்றார். அப்புறம் மெதுவாக, "உச்சந்தலையில ஏதாவது அடிபட்டுதா?"
அடிபடவில்லை. முடிதான் இல்லை. முப்பத்தொரு வயதில் எனக்கு இது தேவையா?

மார்ச் 7
வகிடு ஒரு விரல் அகலம். சீப்பைத் தொடவே பயம்.

மார்ச் 12
அம்மாவோடு தோல் டாக்டரிடம் போனேன். எல்லாம் என் ஷாம்பூவால்தான் என்று அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள்; டாக்டர் சிரித்தார். "ஷாம்பூவைத் திட்டாதீங்க. இது பரம்பரை. ஒரு ஜீன் இல்ல, நிறைய ஜீன் சேர்ந்து பண்ற வேலை. அம்மா வழியிலயும் வரலாம், அப்பா வழியிலயும் வரலாம். வீட்டுல யாருக்கு இருக்கு?"
அம்மா முந்திக்கொண்டாள். "இவ அப்பாவுக்குத்தான். எங்க பக்கம் யாருக்கும் இல்ல."
அப்பா போய் இரண்டு வருடம். கல்யாணப் படத்திலேயே அவருக்கு ஏறுநெற்றி.

மார்ச் 13
அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. கணக்கு வரவில்லை. இது மட்டும் தேடி வந்திருக்கிறது.

மார்ச் 20
உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "முன்னாடி நின்னு சிரிச்சுப் பேச உன்னை விட்டா யாரும்மா?" என்றார். நான் அழுததும் சரியென்றுவிட்டார்.
வீட்டில் அப்பா படத்தைக் காட்டிக் கத்தினேன் — "எல்லாம் அந்த மனுஷனால!" அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 21
காலையில் அம்மா வந்து கதவைச் சாத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டை கையோடு வந்தது, உச்சிமுடியும் சேர்ந்து. விக்! உள்ளே என்னுடையதைவிட மோசம்.
"அப்பாவுக்குத் தெரியுமா?"
"அவர்தாண்டி தேடி வாங்கிட்டு வருவார்."
"அப்புறம் ஏம்மா அவர் தலையில போட்ட?"
"அவர் கோவிச்சுக்க மாட்டார்னுதான்..."
எத்தனை வருஷமா என் ஷாம்பூவைத் திட்டின! அவரை நான் என்னென்ன சொல்லிட்டேன்?

மார்ச் 25
அம்மா கட்டி வைத்த சாப்பாட்டை எடுக்காமலே கடைக்குப் போனேன்.

ஏப்ரல் 2
அம்மா தானே டாக்டரிடம் வந்தாள். "போன தடவை பொய் சொல்லிட்டேன் டாக்டர். எனக்கும் இருக்கு, எழுதிக்கோங்க." பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கையை நான் தட்டிவிடவில்லை.

செப்டம்பர் 9
கொட்டுவது குறைந்திருக்கிறது. அவ்வளவுதான். திங்கட்கிழமையிலிருந்து மறுபடி கடையின் முன்பக்கம் நிற்கிறேன்.
சாயங்காலம் மருந்துக்கடையில் தலைக்குப் போடும் மருந்து இரண்டு பாட்டில் கேட்டேன். "ஒரே ஆளுக்கு ரெண்டா?" என்றார் கடைக்காரர்.
வெறுந்தலையோடு பக்கத்தில் நின்ற அம்மா, "ஒண்ணு எனக்கு" என்றாள்.