கடைசியாகக் கைமாறிய விலை

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? உன் பல் மருத்துவமனைக்குப் பார்த்த இடத்துக்கு முன்பணம் கட்ட மாதக் கடைசிவரைதான் கெடு என்பது எனக்கு நினைவிருக்கிறது.

நேற்று போனில், "மூணு வாரமா அப்பாவோட பங்கை விக்கப் போட்டிருக்கேன், வாங்க ஆளே வரலை. நான்தான் ஏதாவது தப்பாப் போட்டுட்டேனா அண்ணா?" என்று கேட்டாய். சந்தை மந்தம் என்று சொல்லிச் சமாளித்தேன். அது உண்மையில்லை. தப்பு உன்னுடையதல்ல.

அப்பாவின் பங்குகளைப் பிரித்தபோது, நினைத்த நேரத்தில் விற்கக்கூடிய வங்கிப் பங்குகளை நான் எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டிக் கம்பெனிப் பங்குகளை உனக்குக் கொடுத்தேன். இரண்டும் சமம் என்று தாளில் காட்டினேன். உன் பங்கு ஒன்றுக்கு நான் போட்ட நானூற்றுப் பத்து ரூபாய், ஐந்து மாதத்துக்கு முன்னால் யாரோ வெறும் இருபது பங்கு வாங்கிய விலை. உன்னிடம் இருப்பதோ ஆறாயிரம்.

ஆபீசில் என் வேலையே இதுதான். எப்போதாவது கைமாறும் பங்கு என்றால் கடைசி விலையை நம்ப மாட்டோம். கம்பெனியின் லாபத்தையும் சொத்தையும் பார்த்து ஒரு விலை கண்டு, எளிதில் விற்காது என்பதற்காக அதிலும் ஒரு பகுதியைக் கழிப்போம். போன மாதம்கூட, கழிக்காமல் விலை போட்டுக் கொண்டுவந்த சக ஊழியரை, "ஏட்டுச் சுரைக்காயை யாருய்யா சமைப்பா?" என்று எல்லார் முன்னாலும் கிண்டலடித்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

உன் தாளில் கழிக்க மறந்துவிட்டேன் என்று அண்ணியிடம் சொன்னேன். "உங்களுக்கா மறதி?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மறதி இல்லையம்மா. முதலில் கழித்துத்தான் போட்டேன். இருநூற்று நாற்பது வந்தது. அப்படியானால் சமமாக்க என் வங்கிப் பங்கில் ஐந்தில் ஒன்று உனக்கு வர வேண்டும். கொடுக்க மனசு வரவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். என் கூடப்பிறந்தவளிடம் இப்படிச் செய்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

இத்துடன் புதிய பிரிவினைத் தாள் அனுப்பியிருக்கிறேன். இரண்டு கம்பெனியிலும் ஆளுக்குப் பாதி. இதற்கு யாரும் விலை போட வேண்டியதில்லை. விற்காத பங்கில் பாதி என் தலையிலும் இருக்கட்டும். வங்கிப் பங்கு வந்ததும் விற்று இடத்தைப் பிடித்துவிடு. உன் மருத்துவமனை அமோகமாக நடக்கட்டும்.

அன்று, "அண்ணன் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே, படிக்காமல் கையெழுத்துப் போட்டாய். இந்தத் தாளை ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டுப் போடு, தாயே.

உன் அண்ணன்