கட்டுப் போட்ட கை

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இன்று இரண்டு படுக்கை விரிப்புகளைக் கருக்கிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போதெல்லாம் அடியில் அவன் முகம்தான் இருந்தது. மேஸ்திரி திட்டினார். திட்டட்டும்.

விவாகரத்தாகி இரண்டு வருஷம். பதினாலு மாதமாக மகளுக்கு ஜீவனாம்சம் வரவில்லை. அவள் இடது காதுக்கு மெஷின் வாங்க வேண்டும். வலது காதுதான் பிறவியிலேயே கேட்காது; இது அப்படியில்லை. அவன் அறைந்த காது. பால் கொட்டியதற்காக, ஏழு வயதில்.

மார்ச் 11

கோர்ட். வலது கையில் பெரிய கட்டு, கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். நரம்பு செத்துவிட்டதாம். வெல்டிங் வேலைக்கே போவதில்லையாம். டாக்டர் சீட்டு வேறு. நீதிபதியம்மா, "கை இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார், பாவம் பார்த்து. எட்டு வருஷம் அந்தக் கையிடம் அடி வாங்கியவளை யாரும் கேட்கவில்லை.

"கை வேலை செய்யுதுன்னு காட்டணும்மா. பட்டறையில யாராச்சும் சாட்சி சொல்வாங்களா?" என்றார் வக்கீலம்மா.

யார் சொல்வார்கள்? பட்டறை முதலாளி அவன் அக்கா புருஷன்.

மார்ச் 12

செத்துத் தொலையேன்டா.

மார்ச் 19

மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கத்திக் கூப்பிட்டேன். நாலாவது தடவை கையை ஓங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தவள் சட்டென்று இடது காதைப் பொத்திக்கொண்டாள். ஓங்கிய கையைச் சுவரில் அடித்துக்கொண்டேன். சீ. நானும் அவனும் ஒன்றா?

ஏப்ரல் 8

வாய் வீங்கிக் கிடக்கிறது. எழுத வாய் எதற்கு?

எட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா, எங்கே தொட்டால் பற்றும் என்று? திட்டினால் சிரிப்பான். வேலையைக் குறை சொன்னால் வெறி பிடிக்கும். வெறி பிடித்தால் இடது கை ஞாபகமே வராது.

இன்று வாய்தா. கோர்ட் அறைக் கதவு திறந்திருந்தது. அதற்கு நேர் எதிரே அவன் முன்னால் போய் நின்றேன்.

"நீ வெச்ச வெல்டு ஒண்ணும் நிக்கறதில்லையாமே? பள்ளிக்கூட கேட்டு கழண்டு விழுந்துடுச்சாமே?"

"எவன்டி சொன்னான்? போன வாரம்கூட நான்தான்டி அதுல—"

முடிக்கவில்லை. செத்த கை கட்டோடு வெளியே வந்து கன்னத்தில் இறங்கியது. அடுத்தது வாயில். அதே கையால் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு பல் தெறித்து, பெயர் கூப்பிடுகிற ஆளின் காலடியில் போய் நின்றது. உள்ளே நீதிபதியம்மா எழுந்து நின்றுவிட்டார். நான் ரத்தத்தோடு சிரித்தேன்.

ஏப்ரல் 9

"மண்டை உடைஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்பே? பொண்ணை நினைச்சியா?" வக்கீலம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளை நினைத்துத்தான் போய் நின்றேன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போனது என் பல், அவன் சொல்.

மே 30

அடித்ததற்குத் தனி வழக்கு. ஜீவனாம்சத்தைப் பாக்கியோடு சேர்த்து அவன் கூலியில் பட்டறையே பிடித்து நேராகக் கோர்ட்டில் கட்டும்படி உத்தரவு. அக்கா புருஷன் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம்.

ஜூன் 21

காலையில் மெஷின் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை அண்ணாந்து பார்த்து, "இது எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?" என்றாள்.

மத்தியானம் அடுப்படியிலிருந்து வழக்கம்போலக் கூப்பிட்டேன்.

"ஏம்மா கத்தறே? கேக்குது."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக இன்னொரு தடவை கூப்பிட்டேன். வந்தாள்.