மூன்று தரம் கழுவிய போத்தல்

மதுரங்குளி
06.05.2013

என் தங்கச்சி மர்ஷூதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கோல் எடுத்தால் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே! அதனால்தான் முசலிக்கு வேன் ஓட்டும் அபூசாலியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உன் புது வீட்டுக் கந்தூரி விருந்தில் பதினொரு பேருக்கு வயிற்றோட்டம் வந்ததற்கு, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து நான் அவித்த வட்டிலப்பம்தான் காரணம் என்று உன் மாமி ஆசியா உம்மா ஊரெல்லாம் சொல்கிறாவாம். உன் சின்ன மகள் அமானி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்கு வலிக்காதா? அவளுடைய மலத்தைச் சோதித்ததில் சல்மொனெல்லா என்ற கிருமி இருந்ததாம். சமைத்தவர்களையும் சோதிக்கச் சொன்னார்களாம். சரி, நானும் கொடுத்தேன். பரிசோதனை லாப்பில் அதைத் தட்டில் பூசிச் சூட்டில் வைத்து, கிருமி வளருமா என்று மூன்று நாள் பார்த்தார்கள். ஒன்றுமே வளரவில்லை! ரிப்போட்டின் கொப்பி இத்துடன் இருக்கிறது. மாமிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

உன் மூத்தவள் றஹ்மாவின் கல்யாணத்துக்குக் கடை வட்டிலப்பமாம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, மர்ஷூதா. என் கைப்பண்டம் இல்லாத சஹன் தட்டைச் சுற்றி மற்ற ஐந்து பேரோடு நான் எப்படி வந்து உட்காருவேன்?

கோபமுள்ள ராத்தா,
சித்தி லெய்லா


முசலி
14.05.2013

அன்பு ராத்தாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அமானி சுகம். நேற்று அரைப் பாணைத் தனியே தின்று முடித்தாள்.

ரிப்போட்டை வாசித்தேன். மாமி அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தா. நான் கல்யாணம் முடித்த இருபத்திரண்டு வருடத்தில் மாமி சொன்னதை மாற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை. "அப்ப இது புரியாணி ஆக்கின ஜெமீலாட வேலதான்" என்றா. பாவம் ஜெமீலா, புருசன் இல்லாதவள். சமைக்கச் சொல்லி இப்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

உங்களைச் சந்தேகித்ததற்கு என்னை மன்னியுங்கள். கல்யாண வட்டிலப்பம் உங்கள் கையால்தான்.

மர்ஷூதா


மதுரங்குளி
27.05.2013

தங்கச்சி,

உன் கடிதத்தைச் சந்தோஷத்தில் நான்கு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் ஜெமீலாவின் பெயரில் கண் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

லாப்பில் வேலைபார்க்கும் பிள்ளை நிஃப்லாவுக்கு நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போயிருந்தேன். கதையோடு கதையாக, "அந்த நஜீஸ, அசிங்கத்த, உன் கையில தரக் கூச்சமா இருந்திச்சு மகள். போத்தல மூணு தரம் டெட்டோல் ஊத்திக் கழுவி, உள்ளுக்கும் கொஞ்சம் விட்டுத்தான் தந்தன்" என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கிருமி உசிரோட இருக்கா எண்டு பாக்கத்தானே கேட்டம். நீங்க அத மௌத்தாக்கிக் கொண்டு வந்திருக்கீங்களே உம்மா!"

அவள் தந்த போத்தலில், ஒன்றும் ஊற்றாமல், மறுபடி கொடுத்தேன். அமானிக்கு இருந்த அதே கிருமி வளர்ந்திருக்கிறது. கந்தூரிக்கு முந்திய கிழமை எனக்கு இரண்டு நாள் வயிறு இளகியிருந்தது. சுகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சுகமான பிறகும் கிருமி உள்ளே தங்குமாம். அவித்து இறக்கிய வட்டிலப்பத்தில் கஜுப் பருப்பு தூவியது இந்தக் கைதான். அது வேனில் வந்து சஹனில் வைக்கும்வரை ஐந்து மணித்தியாலம் வெக்கையில் கிடந்தது.

ஜெமீலாவின் வீட்டுக்குப் போய் இதைச் சொல். மாமிக்கு இதையும் சத்தமாகவே வாசி. இரண்டு தரம் சோதித்துக் கிருமி இல்லை என்று வரும்வரை நான் பிறருக்குச் சமைக்கக் கூடாதாம். வட்டிலப்பத்தைக் கடையிலேயே எடுங்கள். அமானியை நினைத்தால் அழுகை வருகிறது.

வெட்கத்துடன்,
ராத்தா


முசலி
05.06.2013

என் ராத்தாவுக்கு,

ஜெமீலாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். முடிந்ததும் மாமி எழுந்துபோய், தன் கையால் தேத்தண்ணி ஊற்றி அவளுக்குக் கொடுத்தா. கல்யாணப் புரியாணிச் சமையலும் அவளுக்குத்தான். பெரியும்மா எப்போது வருவா என்று அமானி நச்சரிக்கிறாள்.

கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகுதானே, இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இரண்டு தரம் என்ன, நான்கு தரம் சோதியுங்கள். மாமி சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"போத்தலக் கழுவின மாதிரி கையையும் கழுவச் சொல்லு. வட்டிலப்பத்துக்கு நான் முட்டைக்குச் சொல்லி வச்சிட்டன்."

உங்கள்
மர்ஷூதா