செம்முகிலுக்கு மேல் அறுபத்திரண்டு சுற்று

மார்ச் 9, காலை 07:50. உயரம் 54.3 கி.மீ.

செம்முகில் ஊருக்கு ஹீலியம் கொண்டு வந்தேன். இறங்க விடவில்லை. காத்திருப்பு வட்டம் அடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

வண்டி: சந்தனமாரி, ஒற்றை ஆள் சரக்கு விமானம். சரக்கு: ஹீலியம் உருளை அறுபது, பை ஒட்டும் படலம் நாலு சுருள். ஓட்டுபவர்: பூவலிங்கம், விருதுநகர், வயது ஐம்பத்து மூன்று, பயிலுநர் அட்டை. விமானி போன மாதம் வேறு வண்டிக்குப் போய்விட்டார். சம்பளம் கூட்டிக் கேட்டார், நான் கூட்டவில்லை. அதனால் நானே ஓட்டுகிறேன், நானே இந்தக் குறிப்பையும் எழுதுகிறேன். பயிலுநர் குறிப்பேடு எழுத வேண்டும் என்பது வெள்ளிக் கிரகத்து விதி.

வெளியே பார்க்க எதுவும் இல்லை. மஞ்சள் மேகம். ஊர் அதற்குள் எங்கோ ஏழு வாயுப் பைகளில் தொங்குகிறது, முந்நூற்று நாற்பது பேரோடு. எனக்கும் அதற்கும் இடையே இருப்பது ரேடியோ பீக்கன் ஒன்றுதான். பீக்கன் இருக்கும் திசையை முள் காட்டும். முள்ளை நம்பித்தான் பறக்க வேண்டும்.

08:25

இருபது நிமிடம் தவறான பீக்கனை நோக்கிப் பறந்திருக்கிறேன். கட்டுப்பாட்டு மேடையில் இருப்பது ஜெசிந்தா என்ற பெண், தூத்துக்குடிக்காரி. இங்கே வருகிற பயிலுநர்களுக்கு அவள்தான் பாடம் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, அது ஊரில்ல, வானிலை அளக்குற ஆளில்லா மெதவை. அங்க யாருக்குச் சரக்கு விக்கப் போறீய? முள்ளு ஆடினா போதும்னு ஓடிரக் கூடாது. மோர்ஸ் ஒலியக் கேட்டு, பீக்கன் பேரு சரிதானான்னு பாத்துட்டு அப்புறம் திரும்புங்க."

கேட்டேன். பேர் வேறு. திரும்பினேன்.

08:45

வட்டம் என்கிறார்களே தவிர வட்டம் இல்லை, ஓட்டப் பந்தயத் திடலின் வடிவம். பீக்கனைத் தாண்டு, வலமாகத் திரும்பு, கிழக்கே ஒரு நிமிடம் போ, மறுபடி வலமாகத் திரும்பு, மேற்கே ஒரு நிமிடம் பறந்து பீக்கனுக்கே வா. சிக்கல் முதல் நுழைவில்தான். எந்தத் திசையிலிருந்து வருகிறோமோ அதைப் பொறுத்து நுழைவு மூன்று வகை: நேர் நுழைவு, இணை நுழைவு, துளி நுழைவு.

நான் தென்மேற்கிலிருந்து வந்தேன். துளி நுழைவு செய்திருக்க வேண்டும். நேராகத் திரும்பி, தெற்கே வெளியில் போய் விழுந்தேன்.

"எடம் தப்பிட்டீய. அந்தப் பக்கம் ஒங்களுக்கு வேலையே இல்ல. தெசக்கருவி மேல ஒரு பென்சில கொஞ்சம் சாய்ச்சு வச்சுப் பாருங்க. முகம் மூணாப் பிரியும். ஊசி எந்தப் பங்குல நிக்குதோ அந்த நுழைவு. கடையில தராசு பாத்த ஆளுதான நீங்க, இதென்ன பெரிய வித்தை."

வைத்துப் பார்த்தேன். பிரிந்தது. பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லித் தந்திருந்தால் ஆறாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன்.

09:05

இரண்டாவது முயற்சி. பீக்கனைத் தாண்டியதும் முப்பது டிகிரி சாய்வாக உள்ளே ஒரு நிமிடம் போய், வலமாகத் திரும்பிக் கோட்டைப் பிடித்தேன். கோணல்தான், ஆனாலும் உள்ளே வந்துவிட்டேன். முதல் சுற்று தொடக்கம்.

09:40. சுற்று 8.

கிழக்கே போகும் ஓட்டம் 65 வினாடி, மேற்கே வரும் ஓட்டம் 60.

வரும் ஓட்டம் எப்போதும் சரியாக ஒரு நிமிடம் இருக்க வேண்டும். குறைந்தால் அடுத்த சுற்றில் போகும் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். பாடம் இவ்வளவுதான். ஊரும் காற்றோடு மிதக்கிறது, நானும் காற்றோடு மிதக்கிறேன். ஒரே உயரத்தில் இருந்தால் இருவருக்கும் இடையே காற்றே இல்லை. நான் முந்நூறு மீட்டர் மேலே இருப்பதால் ஐந்து வினாடி வித்தியாசம். இங்கே காற்று எப்போதும் மேற்கு நோக்கித்தான் அடிக்கும், மேலே வேகம், கீழே மந்தம்.

10:30. சுற்று 20.

மேலாளர் தணிகாசலம் முதல் தடவையாகப் பேசினார். ஊருக்கு வாங்குவது விற்பது எல்லாம் அவர்தான்.

"பூவலிங்கம் சார், லேண்டிங் டெக்ல பெயின்ட் வேலை நடக்குது. மத்தியானம் ஆயிடும். ரேட்டு அனுப்பி வைங்க, பாக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கேஸ் ஸ்டாக் நெறைய இருக்குது. உயரம் அம்பத்தி நாலு, எல்லாம் நார்மல்."

அமில மேகத்துக்குள் பெயின்ட் வேலை. தனியாகச் சிரித்துக்கொண்டேன். தக்காளி லாரியை மண்டி வாசலில் வெயிலில் நிறுத்திவைத்து, டிரைவர் நாலு தடவை இறங்கி வந்து கெஞ்சிய பிறகு விலை சொன்னவன் நான். காக்கவைத்து விலை இறக்குகிறார்கள். காக்கவைக்கட்டும். ஹீலியம் அழுகாது. மேலே ஏறி வெயில் காட்டினால் பேட்டரி நிறைந்துவிடும். மூன்று நாள் சுற்றுவேன்.

போன வருஷ விலைக்கு மேல் காலே அரைக்கால் பங்கு கூட்டி அனுப்பினேன். பதில் இல்லை.

11:10. சுற்று 30.

போகும் ஓட்டம் 75. பத்து வினாடி கூடியிருக்கிறது. என் கை சரியில்லையோ என்று இரண்டு சுற்று நிதானமாகப் பார்த்தேன். 75தான். காற்று மாறுகிறதா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"காத்து மாறல அண்ணாச்சி."

பீக்கனைத் தாண்டி வலமாகத் திரும்பினேன். பிறகு:

"வினாடிய மட்டும் எழுதி வைங்க. ஒண்ணையும் விடாம எழுதுங்க. நீங்க கணக்குல கெட்டின்னு சொல்லுவாங்க."

11:50. சுற்று 39.

84.

12:20. சுற்று 46.

93.

காகிதத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். 65, 75, 84, 93. காற்று மாறவில்லை என்றால் மாறுவது ஊர். ஊர் கிழக்கே பின்தங்கி என் பக்கம் வருகிறது, அதனால்தான் நான் ஒவ்வொரு முறையும் இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது. ஊர் ஏன் பின்தங்கும்? கீழே இறங்கினால் பின்தங்கும். கீழே காற்று மந்தம்.

ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு வினாடி என்று போட்டேன். ஊர் இரண்டு கிலோமீட்டர் இறங்கியிருக்கிறது. ஐம்பத்திரண்டில் இருக்கிறது, ஐம்பத்து நாலு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு பை போய்விட்டது. ஸ்டாக்கும் கிடையாது.

ஐம்பதுக்குக் கீழே சூடு எழுபத்தைந்தைத் தாண்டும். ஊரின் குளிரூட்டிகள் நின்றுவிடும். என் வண்டியும் அதற்குக் கீழே போகாது.

இதைப் படிக்கிறவர் எவராக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அவர்கள் மறைத்த சீட்டை நான் பார்த்துவிட்டேன்.

12:35. சுற்று 49.

நான் அனுப்பியது:

"மேலாளர் சார், ஒங்க ஒசரம் அம்பத்திரண்டு. பெயின்ட் காஞ்சிருச்சான்னு சொல்லுங்க. பழைய ரேட்டு இப்ப கிடையாது. மூணு மடங்கு. பத்து வருசத்துக்கு கேஸ் என்கிட்ட மட்டுந்தான் வாங்கணும். டெக்குல எனக்கு நெரந்தரமா ஒரு எடம்."

ஒரு சுற்று போய் வந்தேன். பிறகு தணிகாசலம்:

"யார் சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. ஒங்க பீக்கன் சொல்லிச்சு."

"சார், உருளை முதல்ல இறக்குங்க. ரெண்டு மடங்கு தர்றேன், இப்பவே சொல்றேன். நாலு நாளா ஒரு பை கசியுது. போன தடவை பை கிழிஞ்சப்போ நீங்க போட்ட ரேட்டுல ஒரு வருஷம் எங்க ஸ்கூல மூடி வெச்சோம். அதனாலதான் உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு கவுன்சில் முடிவு பண்ணிச்சு. ஒட்டுப் போட்டு சமாளிச்சுக்கலாம்னு பாத்தோம்."

பள்ளிக்கூடம் மூடியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த விலையைத்தான் போட்டிருப்பேன்.

"ரெண்டு கெடையாது. மூணு."

"பத்து வருஷ காண்ட்ராக்ட் என் கையில இல்ல சார். கவுன்சிலக் கூட்டணும். அரை மணி நேரம் ஆகும்."

"கூட்டுங்க. நான் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்."

13:05. சுற்று 55.

106. இறக்கம் வேகமாகிவிட்டது. ஜெசிந்தா தானாகவே பேசினாள்.

"அண்ணாச்சி, இது பதிவாகும். ஆனாலும் சொல்லுதேன். காலையில இருந்து ஒங்கள வினாடி எண்ண வச்சது எதுக்குன்னு நெனச்சீய? பயிலுநருக்கு அம்புட்டு எழுதணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, அஞ்சு சுத்து எழுதுனாப் போதும். எங்க வாயக் கட்டிப் போட்டுட்டாவ. கணக்கு தெரிஞ்ச மனுசன், அவரே கண்டுபிடிச்சு, அனுமதி கெடக்கட்டும்னு நேரா இறங்கி வந்துருவாருன்னு நெனச்சேன். கண்டுபிடிச்சீய. வெலைய ஏத்துனீய."

அப்போதே இறங்கியிருக்கலாம். அனுமதி இல்லாமல் இறங்கினால் அட்டை போகும், அவ்வளவுதான். நான் இன்னொரு சுற்று போனேன். கவுன்சில் கூடிக்கொண்டிருக்கிறது, இப்போது இறங்கினால் பத்து வருஷம் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று.

13:25. சுற்று 59.

113. ஐம்பத்தொன்று.

தணிகாசலம் ஒப்பந்தத்தை வாசித்தார். பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. நான் சரி என்றேன். இறங்க அனுமதி வந்தது. பீக்கன் கோட்டைப் பிடித்து இறங்க மூன்று சுற்று வேண்டும்.

13:38. சுற்று 62. உயரம் 51.6.

முள் துடிக்கிறது. வரும் ஓட்டம் ஒரு நிமிடம் இருக்க வேண்டியது, நாற்பது வினாடியில் பீக்கன் அடியில் போய்விட்டது.

"அண்ணாச்சி, ரெண்டாவது பை போயிருச்சு. சீக்கிரம் வாங்க."

வட்டத்தை விட்டேன். மூக்கைக் கீழே சாய்த்தேன்.

13:44. 50.4.

உள்ளே சூடு 68. பேட்டரி மணி அடிக்கிறது. சன்னலில் ஒன்றும் தெரியவில்லை. ஊர் எங்கே என்று கேட்டேன். நாற்பத்தொன்பது என்றாள். நான் இறங்குவதைவிட வேகமாக அது இறங்குகிறது.

13:47. 49.9.

இரண்டு பேட்டரி அணைந்துவிட்டன. உருளைகளைத் தள்ளிவிட்டால் அவர்களுக்குக் கிடைக்குமா? கிடைக்காது, கண்ணால் பார்க்காமல் எங்கே தள்ளுவது.

திரும்பினேன். யாரும் திரும்பச் சொல்லவில்லை. நானாகத்தான் திரும்பினேன். மூக்கு மேலே ஏறிய பிறகுதான் அவள் குரல் வந்தது. அது பேச்சு மொழியில் இல்லை, சட்டப் புத்தகத்து மொழியில் இருந்தது.

"சந்தனமாரி, இறங்கும் அனுமதி ரத்து. காத்திருப்பு வட்டத்துக்குத் திரும்பவும். உயரம் ஐம்பத்து நாலு தசம் மூன்று."

பிறகு மெதுவாக:

"நுழைவ நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

14:20. உயரம் 53.

ஊரின் மீட்புப் பலூன் ஒன்று மேலே வந்திருக்கிறது. இருபத்திரண்டு பேர். இன்னொன்று தளத்திலிருந்து கழலவில்லையாம். ரேடியோவில் பேர்களை வாசிக்கச் சொன்னேன். வாசித்தவர் தணிகாசலம். கட்டுப்பாட்டு மேடைப் பெண் வந்தாளா என்று கேட்டேன்.

"அவங்க வரல சார். உங்களுக்கு வழி சொல்லிட்டு வர்றேன்னாங்க."

14:50. உயரம் 54.3.

பீக்கன் இன்னும் ஒலிக்கிறது. மோர்ஸில் ஊர்ப் பேர் திரும்பத் திரும்ப வருகிறது. தென்மேற்கிலிருந்து வந்தேன், துளி நுழைவு. கோடு சரியாகப் பிடித்தது. போகும் ஓட்டம் 200 வைத்தும் போதவில்லை. கூட்டுகிறேன். கூட்டக் கூட்டப் போதவில்லை.

15:32

ஒலி நின்றது. முள் தன் போக்கில் சுற்றுகிறது.

16:10

மீட்புக் கப்பல் நாளைக்குத்தான் வருமாம். நல்ல பேட்டரி ஒன்றுதான் மிச்சம். அதற்குள் நான் விழுந்துவிட்டால் இந்தக் குறிப்பாவது கிடைக்கட்டும். விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்கப்போவது, என்ன பேசி முடித்தீர்கள் என்பதாகத்தான் இருக்கும். பலூனில் இருக்கும் மேலாளரிடம் பிரதி கிடையாது. அவர் வாசித்தது வாசித்தபடி:

ஹீலியம் உருளை அறுபது, படலம் நாலு சுருள். விலை, போன வருஷ விலையைப்போல் மூன்று மடங்கு. பத்து வருஷத்துக்குச் செம்முகில் ஊர் வேறு எவரிடமும் வாயு வாங்காது. இறங்குதளத்தில் சந்தனமாரிக்கு நிரந்தர இடம், வாடகை இல்லை. சரக்கு இறங்கிய பிறகே பணம். ஊர் சார்பில் சம்மதம், 13:25. என் சம்மதம், அதே நிமிடம். கடைசியில் ஒன்றைக்கூடக் குறைக்காமல் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள்.