ஊதாத விசில்

மீஞ்சூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேசப்பனுக்கு,

தௌஹீத் எழுதுவது. நீயும் ஓசூரில் உன் அக்கா வீட்டாரும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். பதினோரு நாளாக உன் ஃபோன் அணைந்தே கிடக்கிறது. உன் மனைவிதான் அழுதுகொண்டே முகவரி கொடுத்தது. ஆட்டக்காரனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஓடுகிறவன், கோச்சாம் கோச்!

சாம்சன் இன்னும் கண் திறக்கவில்லை. மூளையில் கட்டிய ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பிழைப்பானா என்று இப்போது எதுவும் சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவன் ஷிஃப்டுக்கு வேறு ஆள் போட்டாயிற்று.

போன மாதம் ரக்பி ஃபைனலில் இதே சாம்சன் தலையில் அடிபட்டுத் தள்ளாடியபோது, விதிப்படி அவனை வெளியே அனுப்பினேன். இரண்டு பாயிண்டில் நீ தோற்றாய். அன்று வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் நினைவிருக்கிறதா? "கண்ணு அவிஞ்சவன்லாம் விசில் ஊதிக்கினு கீறான். இவன் இன்னா ரெஃப்ரீ? இவனாலதான்யா நம்ம கப்பு பூட்ச்சு." சிப்காட் டீக்கடைகளில் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். என் மகள் சிஃபாவின் வகுப்பு வரை போயிற்று. பத்து வருஷம் உன்னோடு ஒரே டீமில் ஆடியவன்டா நான்! வெளியே தலைகாட்டவே பேஜாராகிவிட்டது.

அடுத்த மேட்சில் சாம்சன் மோதி விழுந்து, தள்ளாடி எழுந்து, தன் டீம் எது என்றே தெரியாமல் எதிர் டீம் வரிசையில் போய் நின்றான். பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்ற உன்னையும் பார்த்தேன். நீயும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடி மானத்தை வாங்குவாயே என்று பயந்து ஊதாமல் விட்டேன். இரண்டே நிமிஷத்தில் அடுத்த மோதல். அப்போது விழுந்தவன்தான்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள தள்ளாடச்சொல்ல நீங்க பாக்கலயா சார்?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். "கோச் சாரும் பாத்துருக்க மாட்டாரு. பாத்துருந்தா உட்ருப்பாரா?" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை திருவள்ளூரில் ரக்பி சங்கத்து விசாரணை. பார்த்தும் ஊதவில்லை என்று சொல்லிவிடப் போகிறேன். உன்னைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அது நீயே சொல்ல வேண்டியது.

ஆனால் அதற்கு முன்னால் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குத் தனியாகப் போக தைரியமில்லை. வந்துவிடு தேசப்பா. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

உன் பிள்ளைகளை அல்லாஹ் காக்கட்டும். அந்த அம்மாவின் பிள்ளையையும்.

உன்
தௌஹீத்