நாற்பத்தாறு முறை பின்னால்

பெங்களூரு,
ஜூலை 13, ஞாயிறு.

அன்புள்ள வாதிராஜ் அவர்களுக்கு,

வைஜயந்தி எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் சுகம். கார்வாரில் ஒரு வாரமாக மழை விடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் சிநேகிதர் தினகர் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். "தினகர் வீட்டில் இருக்கிறேன், கூப்பிடாதே" என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். என் கையெழுத்தைத் தினகரிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாத்திரையை இரண்டு வேளையும் நானே கையில் கொடுத்துவிடுகிறேன். மாடித் தொட்டி மோட்டார் மறுபடியும் நின்றுபோய், கீழ் வீட்டுக்காரர் ஆள் கூட்டிவந்து சரி செய்தார். நீங்கள் பூனேவுக்கு ஆபீஸ் வேலையாகப் போயிருப்பதாகத்தான் அத்தை இன்னும் நம்புகிறார். "அங்க இவனுக்கு ஜோள ரொட்டி யாருடி தட்டிப் போடுவா?" என்று தினமும் கேட்கிறார். கேன்டீனில் கிடைக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் எனக்குப் பாராட்டு கிடைத்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் மறைத்தால் பிறகு வேறு யாராவது சொல்வார்கள். அன்று உங்கள் லேப்டாப்பை மறித்த அந்தப் பக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம். இனி எங்கள் பிரவுசரில், ஆள் தொடாமல் தானாக வந்து, பார்த்த பக்கங்களின் வரிசையில் செருகிக்கொண்ட பக்கங்களையெல்லாம் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். பின்னால் போகும் அம்பை ஒரு முறை அழுத்தினால் போதும். "நிஜமாகவே வெளியேற வேண்டுமா?" என்று கேட்டு வழிமறிக்கும் பெட்டியும் வராது. அடுத்த மாதம் எல்லாருக்கும் போய்ச் சேரும். அதை எப்படிப் பிடித்தேன் என்று ஹெக்டே சார் குழு முழுவதற்கும் என்னைச் சொல்லச் சொன்னார். அந்தப் பயனர் யார் என்று கேட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் என்றேன். கை தட்டினார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, அழுகையும் வரவில்லை. கேன்டீனில் போய் இட்லி சாப்பிட்டேன்.

அந்தப் புதன்கிழமையை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. காலை பதினொரு மணி இருக்கும். எனக்கு அன்று வீட்டிலிருந்தே வேலை. உங்கள் அறையிலிருந்து போலீஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிவந்தேன், அத்தை மாவுக் கையோடு பின்னால் வந்தார். லேப்டாப் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடு, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று எழுத்துகள். மூடுகிற பட்டனைக் காணோம். பின்னால் போனால் அதே பக்கம்தான் திரும்ப வந்தது. நீங்கள் அணைக்கப் போனீர்கள். நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன்.

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால், "மாட்டிக்கிட்டவங்கள வெளிய எடுத்து விடுற வேலை" என்று நீங்கள்தான் கிண்டலாகச் சொல்வீர்கள். இந்த வகைப் பக்கத்தை நான் எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். புகார்கள் வரும், நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் பக்கம் காணாமல் போயிருக்கும். அன்று அது என் வீட்டுக்குள்ளேயே உயிரோடு சிக்கியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். புகார் செய்கிற எல்லாரிடமும் கேட்கிற மாதிரி உங்களிடமும் கேட்டேன்:

"இதுக்கு முன்னாடி எந்தப் பக்கத்துல இருந்தீங்க? எதை அழுத்துனீங்க? ஒண்ணு விடாம வரிசையா சொல்லுங்க."

ஞாபகம் இல்லை என்றீர்கள். அணைத்துவிடு என்றீர்கள். மூன்று முறை சொன்னீர்கள். மூன்று முறையும் என் காதில் விழுந்தது. இருங்க, இருங்க என்று சொல்லிக்கொண்டே நான் திரையைச் சின்னதாக்கி, அந்தச் சைரனை நிறுத்தி, பின்னால் போகத் தொடங்கினேன். அந்தப் பக்கம் தன்னையே நாற்பத்தாறு முறை வரிசையில் நுழைத்து வைத்திருந்தது. நேராக முதலுக்குத் தாவ எனக்கு வழி தெரியும். ஆனால் அறிக்கையில் ஒவ்வொரு படியும் இருக்க வேண்டும் என்பதற்காக ஒன்று ஒன்றாக, சத்தமாக எண்ணிக்கொண்டே போனேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள். பக்கத்தைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நாற்பத்தாறும் முடிந்தபின் அடுத்து வந்தது வேலை தேடும் தளம். உங்கள் போட்டோ, உங்கள் பெயர். பிப்ரவரி வரை வேலையில் இருந்தார், பதவி நீக்கப்பட்டது என்று இருந்தது. பக்கத்தில் ஒரு விளம்பரம், ஒரே நாளில் நேர்முகம் என்று. அதைத்தான் அழுத்தியிருக்கிறீர்கள்.

என்னடி வந்துச்சு என்று அத்தை கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாதது என் அதிர்ஷ்டம். ஏதோ விளம்பரம் அத்தை என்றேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் நோட்டில் எழுதினேன். முதல் படி: பயனர் வேலை தேடும் பக்கத்தில் இருந்தார். எழுதி, தேதியும் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

"எழுதிட்டியா?" என்று கேட்டீர்கள்.

அவ்வளவுதான் கேட்டீர்கள். மறுநாள் காலையில் பூனே என்று சொல்லிவிட்டுப் பையோடு கிளம்பினீர்கள். நானும் வாசல் வரை வந்து, ஜாக்கிரதையாகப் போய் வாருங்கள் என்றேன், நிஜமாகவே பூனேவுக்குப் போகிறவரை வழியனுப்புகிற மாதிரி. அன்றே உங்கள் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முதல் தடவை அணைக்கச் சொன்னபோதே நான் அணைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் எட்டு மாதம் தப்பியது, இன்னும் எட்டு மாதம் தப்பியிருந்தால் என்ன? வேறு யாராவது பிடித்திருப்பார்கள். தப்பு என்னுடையது.

கோபம் இருக்கிறதா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்துவிட்டேன். நான்கு மாதம் என்னிடம் சொல்லவில்லையே என்று முதல் இரண்டு நாள் இருந்தது. இப்போது அதுவும் மரத்துப்போய்விட்டது. எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், பஸ் ஏறுகிறேன். அத்தை கேட்பதற்குப் பதில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அத்தை பிடிவாதம் பிடித்தார், இவ்வளவு நாளாகியும் அவன் குரலைக் கேட்கவில்லை என்று. அவர் ஆபீசில் போனை எடுக்க விடமாட்டார்கள், எனக்கு மட்டும் ஐந்து மணிக்குக் கூப்பிடுவார் என்று உளறிவிட்டேன். ஐந்து மணிக்கு அத்தை சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டார். அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்து நான்கு நிமிஷம் பேசினேன். சாப்பிட்டீங்களா, அங்க குளிரா, அத்தை நல்லா இருக்காங்க என்று. மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்தேன். அத்தைக்குத் திருப்தி. எனக்குத்தான் போன் கை நழுவி மாவுப் பாத்திரத்துக்குள் விழுந்தது.

நான்கு நிமிஷத்துக்கே இப்படி. நீங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாருமே இல்லாத மீட்டிங்கில், நான்கு மாதம் தினமும் எட்டு மணி நேரம் பேசியிருக்கிறீர்கள். மீட்டிங் முடியட்டும் என்று அத்தை மிக்சியைப் போடாமல் காத்திருப்பார். நானும் கதவுக்கு வெளியே காபியோடு நின்றிருக்கிறேன். எப்படித்தான் தனியாகச் சுமந்தீர்களோ. இதை நினைத்தபோதுதான் பதினெட்டு நாளில் முதல் முறையாக அழுதேன்.

வந்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு வருகிறேன் என்று மட்டும் இருக்க வேண்டாம். அத்தையிடம் உண்மையைச் சொல்வதென்றால் நீங்கள் சொல்லும்போது பக்கத்தில் இருப்பேன். இப்போது வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம், பூனே வேலை முடிந்தது என்று அத்தையிடம் நானே சொல்கிறேன். இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் பொய் சொல்லுங்கள். என்னையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

ராயர் சுவாமி உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
வைஜூ