கூடப் போனவனை யார் பார்த்தது?

என் அருமைத் தம்பி சாமு,

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். இன்று காலை உன் தங்கை மெர்சியை நம் ஆஸ்பத்திரி வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்பியிருக்கிறேன். நோயாளியின் தலைமாட்டில், நீ உட்கார்ந்துபோன அதே இடத்தில். மதியம் தாண்டிவிட்டது, இன்னும் போன் வரவில்லை. கேஷுவாலிட்டி மேசையில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சும்மா உட்கார முடியவில்லை.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்?

நீ போனபோது மெர்சி மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம். இப்போது பயிற்சி டாக்டர். வெளியூர் ஆஸ்பத்திரியில் பழக வேண்டிய மாதங்களுக்கு எந்த ஊர் வேண்டும் என்று கேட்டார்களாம். இவள் கொடைக்கானல் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அம்மா சாப்பிடாமல் கிடந்து பார்த்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் அம்மாவும் அவளோடு இங்கேயே வந்து தங்கிவிட்டார்கள். பிடிவாதம் உங்கள் வீட்டுச் சொத்தாயிற்றே.

நம் வகுப்பு இன்னும் நடக்கிறது சாமு. நாம் அதைத் தொடங்கியபோது எப்படிச் சிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவசர சிகிச்சைக்கு என்று தனியாக ஒரு பாடமா, கட்டுப் போடவும் ஊசி போடவும் தெரிந்தால் போதாதா என்று கேட்டார்கள். நீ பதில் சொல்லாமல் மறுநாளே கரும்பலகையை வாங்கி வந்து இந்த அறையில் மாட்டினாய். சமவெளியிலிருந்து வரும் பையன்களை வரிசையாக நிறுத்தி முதலில் ஒரே கேள்விதான் கேட்பாய்.

“ஏலே, பஸ் கவுந்து பத்துப் பேரு வந்து கெடக்கான். மொதல்ல யாருகிட்ட போவ?”

“ரொம்பக் கத்துறவர்கிட்ட சார்.”

“கத்துறவனுக்கு மூச்சு இருக்குலே. கத்தாதவன்கிட்ட வெரசாப் போ.”

இன்றும் நான் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறேன். ஆனால் உன் வேன் பாடத்தை மட்டும் என்னால் நடத்த முடியவில்லை. நிறுத்தி வைத்த வேனுக்குள் அவர்களை ஏற்றி, பிசைந்து மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையைக் கையில் கொடுப்பாய். பிறகு பின்படியில் ஏறி நின்று வண்டியை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவாய். எவனாவது பயந்து மேல்கம்பியைப் பிடித்தால், “போச்சு, உன் பேஷண்ட் செத்தாச்சு, எறங்கு” என்பாய். நர்ஸுகளெல்லாம் ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான்.

மூச்சு ஓய்ந்துபோகிற நிலையில் யாரையும் டாக்டர் இல்லாமல் மலையிறக்கக் கூடாது என்று விதி வைத்தவன் நீ. இப்போது அந்த விதி வேண்டாம் என்கிறார்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் அப்பா மதுரையிலிருந்து ஏறி வந்து என்னிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார். “படிக்கத்தான் அனுப்புனேன், பலி குடுக்க அனுப்பல” என்றார். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை.

உனக்கு நடந்ததை நீயே அறியமாட்டாய், அதனால் சொல்கிறேன். பூண்டி கிராமத்துச் செல்லாயி பூச்சி மருந்தைக் குடித்துவிட்டு வந்தாள். உயிர் இருந்தது, மூச்சு இழுக்கத்தான் தெம்பில்லை. மூச்சு மெஷின் மதுரையில்தான் இருந்தது. அதுவரைக்கும் உன் இரண்டு கைகள்தான் மெஷின். பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்க டிரைவர் மாரியண்ணன் பிரேக் போட்டார். கம்பியைப் பிடிக்க உனக்குக் கை இல்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும்.

“மண்டை கம்பியில ணங்குனு இடிச்சுச்சும்மா. நான் திரும்பிப் பாத்தேன். ‘ஒண்ணுமில்லண்ணே, நீங்க ஓட்டுங்க’ன்னு சிரிச்சாரு.”

நீ செல்லாயியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாய். மெஷினில் போட்டதைப் பார்த்த பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டாய். அவர் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அசதியில் தூங்குகிறாய் என்று நினைத்து, டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் துண்டை எடுத்து உனக்குப் போர்த்திவிட்டார். அது தூக்கமில்லை என்று தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு உன்மேல் கோபம் சாமு. தலையில் அடிபட்டவன் முதலில் நன்றாகப் பேசுவான், பிறகு தூங்குவான், அந்தத் தூக்கத்தை நம்பாதே என்று இதே கரும்பலகையில் மண்டையோட்டை வரைந்து காட்டியவன் நீ. உனக்குத் தலை வலிக்கவில்லையா? சுற்றிலும் டாக்டர்களாக நின்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமாவது ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் உனக்கு?

நீ யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். போன மாதம் செல்லாயி பூண்டு கொண்டுவந்தாள். அறுவடை ஆனதும் வருவாள், உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு என்னிடம் ஒரு கட்டுப் பூண்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போவாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

“அன்னைக்கிக் கண்ணத் தெறக்க முடியலம்மா, நாக்கு அசையல. காது மட்டும் கேட்டுச்சு. டாக்டர் தம்பி பேசிக்கிட்டே வந்தாரு. ‘தாயி, பெருமாள்மலை தாண்டியாச்சு. தாயி, வத்தலக்குண்டு வந்தாச்சு, இனிமே நேர் ரோடு, பயப்படாத’ன்னு. அப்பறம், ‘எனக்குத்தான் தலையப் பொளக்குது தாயி’ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?”

நீ சொல்லியிருக்கிறாய். வாய் திறக்க முடியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாய். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இப்போது மெர்சி விஷயத்துக்கு வருகிறேன். வேனில் கூடப் போவதற்குப் பயிற்சி டாக்டர்களுக்கு முறை உண்டு. மெர்சியின் முறை வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு ஆளை ஏற்றினேன். மற்றவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? தெரியும், தெரிந்துதான் செய்தேன். அவள் முகத்தில் உன் மூக்கு அப்படியே இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?

இன்று காலை வில்பட்டியிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். முட்டைக்கோசுக்கு மருந்து அடித்தவர், காற்றுக்கு எதிரே நின்று அடித்திருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஊசிமேல் ஊசி போட்டும் மூச்சு இறங்கிக்கொண்டே வந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர தனியா விட்டுறாதீங்க டாக்டரம்மா, ஆராவது கூடப் போங்க” என்று அழுதாள்.

“இது என் முறைக்கா” என்றாள் மெர்சி.

“நான் போறேன்.”

“நீங்க போயிட்டா இங்க யாரு பாப்பா? வெளிய எத்தன பேரு கெடக்காங்க பாருங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அண்ணன் அன்னைக்குக் கம்பியப் பிடிச்சிருந்தா?”

பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. “செல்லாயி செத்திருப்பா” என்றேன்.

“அப்ப நானும் பிடிக்க மாட்டேன்.”

நீ போன பிறகு வேனில் ஒன்று மட்டும் செய்து வைத்திருக்கிறேன். ஏரிக்கரைக் குதிரைக்காரர்களிடம் சேணத்து வார் ஒன்று வாங்கி, நீ உட்கார்ந்த இடத்தில் போல்ட் போட்டு மாட்டச் சொன்னேன். அதை இன்று நானே இழுத்து அவள் இடுப்பில் பூட்டினேன். இறுக்குகிறது என்றாள். இறுக்கட்டும் என்றேன். வேன் திரும்பி மறைந்த பிறகும் வாசலிலேயே நின்றேன். மூடுபனி இறங்கி ரோடே தெரியாமல் போயிற்று.

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரங்க் கால் வந்தது.

“அக்கா, ஆளக் கொண்டாந்து சேத்தாச்சு. மெஷின்ல போட்டாச்சு. பொழச்சுக்குவாரு.”

“அது கெடக்கட்டும். உனக்கு எங்கயாச்சும் இடிச்சுச்சா? தலை வலிக்குதா?”

பதில் இல்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு வந்தது பார், உன் தங்கையின் குரல்!

“இடுப்பு வலிக்குது! அந்தக் குதிர வாரு இடுப்புத் தோல உரிச்சுப்புடுச்சு. கை ரெண்டும் மரத்துப்போச்சு. வழி நெடுக வாந்தி. பசிக்குது, ஒரு டீ குடுக்க இங்க நாதி இல்ல.”

“வாந்தியா?” தலைக்குள் அடிபட்டவனுக்கும் வாந்தி வரும்.

“மலை ரோட்டுல எல்லாருக்கும் வர்ற வாந்திக்கா!”

போனை அங்கிருந்த டாக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். “எங்கயும் இடிக்கலன்னு சொல்றாங்களே மேடம்” என்றார். “சொல்றத நான் கேக்கல, பாத்துட்டுச் சொல்லுங்க” என்றேன். பார்த்தார். இரண்டு கண்ணின் பாவையும் ஒரே அளவாகச் சுருங்குகிறதாம், தலைக்குள் அடி இல்லை. பின்னால் மெர்சி என்னைத் திட்டுவது டிரங்க் கால் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது.

கத்துகிறாள் சாமு, உன் தங்கை கத்துகிறாள். போனை வைத்துவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதேன்.

நாளை அவள் அதே ரோட்டில் ஏறி வர வேண்டும். அடுத்த முறை இன்னொரு பிள்ளை இறங்க வேண்டும். என் பயம் தீராது, உன் விதியையும் நான் எடுக்கமாட்டேன். வேன் பாடத்தை வரும் திங்கட்கிழமை நானே நடத்துகிறேன். பின்படியில் ஏறி நின்று வண்டியை ஆட்டுகிறேன். முடிவில் நீ சொல்லாமல் விட்டதைச் சொல்லுவேன்: நோயாளியை ஒப்படைத்ததும் கூடப் போனவரை உட்கார வைத்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்று சிரித்தால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்லுவேன். அம்மாவிடமும் இன்று சாயங்காலம் நானே போய்ச் சொல்லுகிறேன்.

உன்னைத் திட்டுவதை நிறுத்தாத,
உன் டாக்டரக்கா எஸ்தர்